ஐந்தாம் வரிக்கு எந்த வசனம்?

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் பெனிற்றா என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். மறைக்கல்வி நிலையத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். நல்ல பிள்ளை. ஆனால் எதையும் அட்டவணையாகப் போட்டால்தான் அவளுக்கு நித்திரை வரும். மறையாசிரியர்களுக்குப் புதிய பயிற்சி ஒன்று தொடங்கியிருக்கிறதாம். விசுவாச அறிக்கையின் பன்னிரண்டு வரிகளையும் ஒரு பக்கத்தில் எழுதி, எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான வேத வசனத்தை எழுத வேண்டுமாம்.

"மற்றதெல்லாம் போட்டிட்டன் ரீச்சர். ஐஞ்சாவதுக்கு மட்டும் எதைப் போடுறது?"

"போடாம விடு."

"வெறுமையா விட்டால் புள்ளி குடுக்கேலாதே."

"அப்ப நாலைஞ்சு வசனம் இருக்கு. எல்லாத்தையும் போடு."

"எது சரியானது எண்டு கேப்பினம் ரீச்சர்."

"தெரியாது எண்டு சொல்லு."

ஓய்வுபெற்ற பிறகு ரீச்சருக்கு மூளை மங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். மங்கவில்லை. வேலையில் இருந்த காலத்திலும் எனக்கு அது விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. ஏன் விளங்கவில்லை என்பதை மட்டும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஞாயிறு பூசையில் பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தாங்கள் எதை நம்புகிறோம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். மிகப் பழைய காலத்து அறிக்கை அது. கடவுள் உலகத்தைப் படைத்தார் என்று தொடங்கி, நித்திய வாழ்வில் முடியும். அதன் ஐந்தாம் வரி, இயேசு "பாதாளத்தில் இறங்கி, மூன்றாம் நாள் மரித்தோரிடமிருந்து உயிர்த்தெழுந்தார்" என்பது. உயிர்த்தெழுந்ததற்கு வேதாகமத்தில் பக்கம் பக்கமாக ஆதாரம் இருக்கிறது. பாதாளத்தில் இறங்கியதற்கு? அங்கேதான் எல்லோரும் பக்கத்தைப் புரட்டத் தொடங்குவார்கள்.

நான் நறுவிலிக்குளத்தில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவள். நெல்லைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், கடலைப் பற்றிக் கேட்டால் தலைகீழாகச் சொல்வேன். அப்படிப்பட்ட என்னை ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகு கடற்கரைக் கோயில்களுக்குத்தான் அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுப்பினார்கள், மத்தியானம் வகுப்பில் தூங்கினோம், கடைசியில் ஒரு சிலுவை மாலை போட்டு அனுப்பினார்கள். படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அதுவும் எங்கள் நிலையத்தின் இயக்குநராக இருந்த குருவானவரிடம், நாங்கள் சுவாமி என்று கூப்பிடுகிறவரிடம்தான்.

சுவாமிக்குத் தேத்தண்ணியில் சீனி போடக்கூடாது. ஒரு துண்டுப் பனங்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணியை ஊற்றிக் குடிப்பார். அது கரையும் வரைக்கும் ஒரு சொல் பேசமாட்டார். எவ்வளவு அவசரமான விடயம் என்றாலும் எதிரே இருந்து அவருடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கன்னம் வற்றினால் பேச்சு வரும். அந்தப் பேச்சும் மறுமொழியாக வராது. "எடும். வாசியும்" என்பார். எந்த வசனத்தைக் கேட்டாலும் அதற்கு முன்னாலுள்ள மூன்று வசனத்தையும் பின்னாலுள்ள மூன்று வசனத்தையும் சேர்த்து வாசிக்க வைப்பார். தனி வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. மீனின் நடுத்துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து இது என்ன மீன் என்று கேட்கிற மாதிரி என்பார். வாசித்து முடித்ததும், "இப்ப என்ன எழுதியிருக்கு? எழுதினதைச் சொல்லும். நீர் நினைச்சதைச் சொல்லாதையும்" என்று கேட்பார். முதல் இரண்டு வருடம் அவருக்குப் பயந்தேன். பிறகு அவரோடு சண்டை பிடிக்கப் பழகிக்கொண்டேன்.

எனக்குத் தரப்பட்ட கோயில்களில் ஒன்று மன்னார்த் தீவின் கரையில் ஒரு சின்ன மீன்பிடிக் கிராமத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது, வேறெங்கும் நான் காணாதது. விசுவாச அறிக்கையைப் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ஒன்றாக இருந்து ஆளுக்கொரு வரியாகச் சொன்னார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு. எந்தக் காலத்துச் சுவாமியோ அதைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. பிடித்தது மட்டுமல்ல, பங்கும் பிரித்துவிட்டது. பன்னிரண்டு வீடுகளுக்குப் பன்னிரண்டு வரி. முதலாம் வரி பேதுரு என்கிற இராயப்பருடையது, அது கோயில் மூப்பர் வீட்டுக்கு. ஐந்தாம் வரி தோமையாருடையது, அது எமிலி மாமி வீட்டுக்கு. புதிதாக ஒருவர் எங்கள் வேதத்தில் சேரும்போது, உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாளான பெரிய சனிக்கிழமை காலையில் அந்தப் பன்னிரண்டு வீட்டு ஆண்களும் கோயிலில் நிற்பார்கள். ஒவ்வொருவரும் தன் வரியைச் சொல்ல, சேர வந்தவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அப்போஸ்தலர்கள் அப்படி வட்டமாக இருந்து சொல்லவில்லை, ஆதிக் காலத்தில் ஞானஸ்நானத் தண்ணீருக்குள் நிற்கிறவரிடம் கேட்ட கேள்விகளில் இருந்து இது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்று நான் ஒருமுறை கூட்டத்தில் விளக்கினேன். மூப்பர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப அவையள் சொல்லேல்லை எண்டால் ஆர் சொன்னது ரீச்சர்? நீங்களோ?" என்றார். கூட்டம் சிரித்தது. நான் சுவாமியிடம் போய் முறையிட்டேன். அவர் பனங்கட்டி கரைந்த பிறகு, "அவையள் வரியைப் பாடமாக்கி வைச்சிருக்கினம். நீர் விளக்கத்தைப் பாடமாக்கி வைச்சிருக்கிறீர். விடும்" என்றார். விட்டுவிட்டேன்.

இனித்தான் செல்வராணி வருகிறாள்.

எமிலி மாமியின் மகன் ஜூட் அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். வெள்ளாங்குளத்துப் பிள்ளை, சைவக் குடும்பம். சிறு வயதில் சித்தியோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் அகதி முகாமில் வளர்ந்தவள். தாய் சிவபாக்கியம் வீட்டையும் மாட்டையும் விட்டுவர மனமில்லாமல் வெள்ளாங்குளத்திலேயே நின்றுவிட்டார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாகக் கிழக்குப் பக்கம் நடந்தவர், வழியில் எங்கேயோ முடிந்துபோனார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. யார் குழியில் வைத்தது, வைத்ததா இல்லையா என்பதும் தெரியாது. செல்வராணிக்குச் செய்தி முகாமில் வைத்துத்தான் கிடைத்தது. அவள் ஊருக்குத் திரும்பி வந்தபோது கும்பிட ஒரு குழிகூட இருக்கவில்லை.

ஜூட்டுக்கும் அவளுக்கும் பதிவுக் கலியாணம் முடிந்திருந்தது. கோயிலில் முடிக்க வேண்டும், அதற்கு முன் அவள் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று எமிலி மாமி ஒற்றைக் காலில் நின்றாள். செல்வராணியும் மறுக்கவில்லை. தவக்காலம் தொடங்கியதும் பெயரைப் பதிந்தோம். நான் கிழமைக்கு இரண்டு நாள் பின்னேரங்களில் அந்த வீட்டுக்குப் போனேன்.

விசுவாச அறிக்கையைக் காகிதத்தில் கொடுக்கக்கூடாது என்பது சுவாமியின் சட்டம். ஆதித் திருச்சபையில் அதை வாயால்தான் கொடுத்தார்கள், வாயால்தான் திருப்பி வாங்கினார்கள், நாமும் அப்படியே செய்வோம் என்பார். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வரி. நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். பிறகு அந்த வரி வேதாகமத்தில் எங்கே வேர் விட்டிருக்கிறது என்று எடுத்து வாசிப்போம். அவள் கெட்டிக்காரி. கருவாடு புரட்டிக்கொண்டே பாடமாக்கிவிடுவாள். கேள்வியும் கேட்பாள். பிலாத்துவின் பெயர் வந்த நாள், "எல்லாரும் சாமி ஆக்களா இருக்கினம். இந்தாள் ஏன் இதுக்குள்ள?" என்றாள். கவர்னர் பெயர் காலத்தைக் காட்டுவதற்கு, இன்ன அரசாங்க அதிபர் இருந்த காலத்தில் நடந்தது என்று நாங்கள் சொல்வதில்லையா, அப்படி என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அன்று என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

அடுத்தது ஐந்தாம் வரி. நான் சொன்னேன். அவள் சொல்லவில்லை.

"இறங்கி ஆரிட்டப் போனவர் ரீச்சர்?"

"தனக்கு முன்னம் செத்துப்போன நல்ல ஆக்களிட்ட. அவையளைக் கூட்டிக்கொண்டு வரப் போனவர்."

"அவையள் ஞானஸ்நானம் எடுத்த ஆக்களோ?"

"இல்லைப் பிள்ளை, அப்ப எங்க ஞானஸ்நானம்?"

அவள் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. அப்படி மலர்ந்து நான் முன்பு பார்த்ததில்லை. கையில் இருந்த மீனை வைத்துவிட்டு, "அப்ப என்ர அம்மாவிட்டயும் போயிருப்பார்" என்றாள்.

நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எழுதியதைச் சொல்லு, நினைத்ததைச் சொல்லாதே என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது எனக்கு. அது முன்னம் இறந்தவர்களைப் பற்றியது, அம்மா பிறகு இறந்தவர், அது வேறு என்று ஏதோ குழறினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு நியாயமாகத் தெரியவில்லை. இரண்டாயிரம் வருடம் பிந்திப் பிறந்தது அந்த மனுசியின் குற்றமா?

செல்வராணி அழவில்லை, கோபப்படவும் இல்லை. "ரீச்சர், அம்மாவை எங்க வைச்சது எண்டு தெரியாது. செத்த பிறகாவது காணலாம் எண்டு இருக்கிறன். நான் உங்கட பக்கம் வந்து, அம்மா அந்தப் பக்கம் நிண்டால் பிறகு எங்க காணுறது? அவர் இறங்கினது என்ர அம்மா இருக்கிற இடத்துக்கும்தான் எண்டு எழுதியிருந்தால் காட்டுங்கோ. இல்லாட்டி நான் வரேல்லை" என்றாள்.

இதெல்லாம் குசினிக்குள் எமிலி மாமியின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவள் அகப்பையோடு வெளியே வந்தாள். "எங்கட வீட்டு வரியிலயே பிழை பிடிக்கிறியோ? என்ர மனுசனிட தகப்பன் காலத்தில இருந்து நாங்கள் சொல்லுற வரி. எழுதியிருக்கோ எழுதியிருக்கோ எண்டு என்ன கேள்வி? தோமையார் சொன்னது! ஆண்டவரிட காயத்துக்குள்ள கையை விட்டுப் பாத்த மனுசன், இறங்கினதைப் பாக்காமலே சொல்லியிருப்பார்?"

பயிற்சியில் ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. பெரிய கிழமைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. வெள்ளைச் சாறி வாங்கியாகிவிட்டது, கோயில் கலியாணத்துக்கு ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, தெரேசா என்று ஞானஸ்நானப் பெயரும் எமிலி மாமி தெரிவுசெய்து வைத்துவிட்டாள். ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் நான். செல்வராணி மாட்டேன் என்றால் அந்த வீட்டில் அவள் எப்படி இருக்கப்போகிறாள் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் வேதாகமத்தைத் திறந்துகொண்டு இருந்தேன். பேதுருவின் முதல் திருமுகம்தான் முதல் ஆதாரம். காவலில் இருந்த ஆவிகளிடம் போய் இயேசு அறிவித்ததாக அதில் வருகிறது. மூன்று வசனம் முன்னே பின்னே வாசித்தால் அந்த ஆவிகள் யார் என்றும் வருகிறது. நோவா பேழை செய்துகொண்டிருந்தபோது சொல்வழி கேளாதவர்கள். நாங்கள் படிப்பிப்பது நல்லவர்களிடம் போனார் என்று. அதில் எழுதியிருப்பது கெட்டவர்களிடம் போனார் என்று! அடுத்த அதிகாரத்தில் இறந்தோருக்கும் நற்செய்தி சொல்லப்பட்டது என்கிறது. ஆகா என்று எழும்பினால், அது உயிரோடு இருக்கும்போது கேட்டுவிட்டுப் பிறகு இறந்தவர்களைப் பற்றியது என்று ஒரு விளக்கம் கீழே கிடக்கிறது. எபேசியர் திருமுகத்தில் கீழான இடங்களுக்கு இறங்கினார் என்று இருக்கிறது. அது வானத்தில் இருந்து பூமிக்கு வந்ததைத்தான் சொல்கிறது என்பவர்களும் உண்டு. பாதாளத்தில் அவர் கைவிடப்படவில்லை என்று பேதுரு ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். சரி, அங்கே இருந்திருக்கிறார். இருந்து என்ன செய்தார், யாரைக் கண்டார்? அதில் இல்லை. யோனா மீனின் வயிற்றில் இருந்த மாதிரி என்று வேறோர் இடத்தில் வருகிறது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவியது. தேடிக்கொண்டு போகும்போது கொரிந்தியர் திருமுகத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் எடுக்கிறவர்களைப் பற்றிப் பவுல் போகிறபோக்கில் கேட்கிற ஒரு கேள்வி. பலமுறை வாசித்த அதிகாரம்தான். அன்றுதான் அது அங்கே இருப்பதைக் கண்டேன்.

அடுத்த நாள் காலையில் பஸ் ஏறி நிலையத்தில் இருந்த சுவாமியின் கந்தோருக்குப் போனேன். பனங்கட்டி வாயில் இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கரைந்த பிறகு வழக்கம்போல வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இதில அந்தப் பிள்ளையின்ர தாய் இருக்கிறாவோ?"

"இல்லை சுவாமி."

"தாயிட்டப் போகேல்லை எண்டு இருக்கோ?"

"அதுவும் இல்லை."

"அப்ப ரெண்டையும் சொல்லும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது ஒரு மறுமொழியோ சுவாமி? அவள் தாயைக் கேக்கிறாள். நான் போய் இருக்கு, ஆனா இல்லை எண்டு சொல்லுறதோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மிகப் பழைய பிரதிகளில் ஐந்தாம் வரியின் முதற்பாதியே இல்லை, இறங்கி என்பது பிறகு வந்து சேர்ந்தது என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது. பிறகு ஏன் அதை வைத்திருக்கிறோம் என்று கேட்டேன். "தேவைப்பட்டிருக்கு" என்றார். யாருக்கு என்று கேட்டேன். அதற்கு அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கொரிந்தியர் வசனத்தைக் காட்டியபோது மட்டும் சட்டென்று கையைத் தூக்கினார். "அதைத் தொடாதையும். அது என்ன எண்டு இவ்வளவு காலமா ஒருத்தருக்கும் சரியா விளங்கேல்லை. செத்த ஆக்களுக்கு நாங்கள் ஞானஸ்நானம் குடுக்கிறேல்லை. அவ்வளவுதான்."

நான் தீவுக்குப் போய்ச் செல்வராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நோவா காலத்து ஆட்களைச் சொன்னபோது, "சொல்வழி கேளாத ஆக்களிட்டயே போனவர் எண்டால்…" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். வேறு எங்கேயாவது செத்த ஆட்களைப் பற்றி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று பவுலின் கேள்வியையும் சொன்னேன்.

"அப்ப அந்தக் காலத்தில செய்திருக்கினம்."

"ஆரோ செய்திருக்கினம். நாங்கள் செய்யிறேல்லை."

"ஓம்" என்றாள். கருவாட்டை அள்ளிக் கடகத்தில் போட்டாள். "நான் பெரிய சனிக்கிழமைக்கு வாறன் ரீச்சர்."

ஏன் வருகிறாள்? என்ன தெளிந்தது? நான் கொண்டுபோனதெல்லாம் குழப்பம். அதைக் கேட்டு ஒருத்தி மனம் மாறினாள் என்றால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் பஸ்ஸில் இருந்தேன். என் தரிப்பிடத்தைக் கடந்து போய்விட்டு நடந்து திரும்பினேன்.

பெரிய சனிக்கிழமை காலையில் கோயில் வெறுமையாக இருக்கும். பீடத்தில் துணி இல்லை, விளக்கு இல்லை, நற்கருணைப் பேழை திறந்து கிடக்கும். பன்னிரண்டு வீட்டு ஆட்களும் வரிசையாக நின்றார்கள். மூப்பர் தொடங்கினார். செல்வராணி திருப்பிச் சொன்னாள். நாலாவது முடிந்தது. ஜூட் முன்னுக்கு வந்தான். அவனுக்கு உதடு காய்ந்து போயிருந்தது. சொன்னான். நான் எமிலி மாமியைப் பார்த்தேன், எமிலி மாமி சுவாமியைப் பார்த்தாள். செல்வராணி ஜூட்டைப் பார்த்துக்கொண்டு ஐந்தாம் வரியை முழுதாக, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். மற்ற ஏழும் அதன் பிறகு ஓடிப்போனது.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக் கேட்டேன், இப்போது நம்புகிறாயா என்று.

"இறங்கினவர் எண்டு நம்புறன். ஆரிட்ட எண்டு உங்களுக்கும் தெரியேல்லை, சுவாமிக்கும் தெரியேல்லை. தெரியாத இடத்தில அம்மாவை விடுறதுக்கு எனக்குப் பயமில்லை. இப்பவும் அப்படித்தானே விட்டிருக்கிறன்."

அவளைக் கட்டிப்பிடித்தேன். அவளிடம் கருவாட்டு வாசம் அடித்தது, தேங்காயெண்ணெய் வாசமும் அடித்தது.

சுவாமிக்கு நாலைந்து கோயில்கள். ஆகவே சனி இரவு நடக்க வேண்டிய பாஸ்காப் பூசை அந்த ஊருக்கு ஞாயிறு விடியலில்தான். கோயில் நிறைந்துவிட்டது. செல்வராணி வெள்ளைச் சாறியில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய வலது தோளில் என் கை. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் சுவாமி பெயரைக் கேட்பார். அது ஒரு சடங்குக் கேள்வி. என்ன மறுமொழி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எமிலி மாமி தெரேசா என்று பொறித்த ஒரு சங்கிலியைக்கூடக் கைக்குள் வைத்திருந்தாள்.

"உமது பெயர் என்ன?"

"சிவபாக்கியம்."

அது அவளுடைய தாயின் பெயர். என் கை தோளில் இருந்து வழுகியது. மீண்டும் வைத்தேன். பின்னால் யாரோ "என்னவாம்?" என்றார்கள். சுவாமி வாயில் பனங்கட்டி இல்லாமலே அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"பிள்ளை, இது ஆருக்கு?"

"எனக்குத்தான் சுவாமி. இண்டையில இருந்து என்ர பேர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக அவர் கேட்பார், நான் வாசிப்பேன். அன்று அவர் என்னிடம் எதையோ வாசிக்கப் பார்த்தார். நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன். அவர் சங்கால் தண்ணீரை அள்ளினார். "சிவபாக்கியம்" என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று முறை ஊற்றினார்.

பூசை முடிந்து, பீடத்துக்குப் பின்னால் இருந்த சக்கிரீசு அறைக்குள் அவர் பூசை உடுப்புக் கழற்றும்போது நான் உள்ளே போனேன்.

"சுவாமி, இப்ப ஆருக்குக் குடுத்தது?"

"தலை நனைஞ்ச ஆளுக்கு."

"பேர்?"

"பேரைக் கேட்டனான். சொன்னவ. அது பொய் எண்டு நீர் சொல்லப்போறீரோ?"

அவர் உடுப்பை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, கதிரையில் தொப்பென்று இருந்தார். "எனக்கும் விளங்கேல்லை ரீச்சர்" என்றார். அவருடைய வாயில் இருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இனி எமிலி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பெயரில் சைவ வாசம் அடித்தது பெரிய பிரச்சினை இல்லை. சம்பந்தியின் பெயர் என்பதுதான் பிரச்சினை. சம்பந்திக்காரியின் பெயரைச் சொல்லி மருமகளை எப்படிக் கூப்பிடுவது? உயிரோடு இருந்தால் அந்த மனுசியை முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அழைத்திருப்பாளா? அதற்காகச் செல்வராணி என்று பழைய பெயரால் கூப்பிடவும் அவளால் முடியவில்லை. கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயரை மாற்றிக் கூப்பிட்டால் பாவம் என்று அவளுடைய தாய் சொல்லி வளர்த்திருக்கிறாள். ஆகவே கோயில் கலியாணம் முடிந்த பிறகும் கிழமைக் கணக்கில் மருமகளை "இஞ்ச", "இந்தா", "உன்னைத்தான்" என்றே ஓட்டினாள். ஜூட் பாடு இரண்டு பேருக்கும் நடுவில்.

கடைசியாக நான் அங்கே போனது மழைக்கு முன்னான ஒரு மத்தியானம். என்னை வேறு கோயில்களுக்கு மாற்றியிருந்தார்கள், சொல்லிவிட்டு வரப் போனேன். எமிலி மாமி தேத்தண்ணி தந்தாள். மருமகள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள், வீட்டில் இருந்து பார்த்தால் தெரியாத தூரம். சோறு வடித்தாயிற்று. மாமி வாசலில் போய் நின்று "இஞ்ச!" என்றாள். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. "உன்னைத்தான்!" என்றாள். அதுவும் போய்ச் சேரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து, வள்ளக்காரரைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"சிவபாக்கியம்! சிவபாக்கியம்! சோறு ஆறுது, வா பிள்ளை!"

அந்தத் தாய் வெள்ளாங்குளத்தை விட்டு நடந்த நாளுக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

"ஓம், வாறன்!" என்று கடற்பக்கம் இருந்து குரல் வந்தது.

அது செல்வராணியின் குரல்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஆனாலும் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி வாசலுக்குப் போனேன், வருவது யார் என்று பார்க்க.